மூக்கைத் தூக்கிய படகு

முதல் உலகப் போரில் எங்கள் ஆஸ்திரிய நீர்மூழ்கியில் பதினேழு பேர் இருந்தோம். பதினாறு பேர் மாலுமிகள். பதினேழாவது ஆளான சமையல்காரர் யெர்கோ, படகின் ஓர் உறுப்பு. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கேப்டன் செட்லாக் தம் கணக்கில் அவரை அப்படித்தான் சேர்த்திருந்தார்.

காரணத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் விளைவுக்கு வர வேண்டும் என்று திரியெஸ்த் நகரத்து மாலை வகுப்பில் எங்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுத்தவர் கட்டளையிட்டிருக்கிறார். அதனால் காரணம் முதலில். நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் நிற்பது தராசுத் தட்டு நிற்பதைப் போல. முன்பக்கக் குழாயிலிருந்து டார்பிடோ வெளியே போனால் அத்தனை கனமும் ஒரே மூச்சில் மூக்கை விட்டுப் போகிறது. மூக்கு எழும்புகிறது. பெரிய படகுகளில் அதே கனத்துக்குத் தண்ணீரை உள்ளே விட்டுச் சரிக்கட்டுவார்கள். எங்களுடையது சின்னப் படகு, வால்வும் கிழடு. அது திறந்து தண்ணீர் வந்து சேர்வதற்குள் மூக்கு கடலுக்கு மேலே போய் வெயில் காயும். அதனால் கேப்டன் “சுடு” என்றதும் கை ஓய்வாக இருக்கும் எல்லாரும் வாலிலிருந்து மூக்குக்கு ஓட வேண்டும். டார்பிடோ விட்டுப்போன கனத்தை நாங்கள் நிரப்ப வேண்டும்.

இந்த ஓட்டத்துக்கு யெர்கோதான் ராஜா. பிராச் தீவுக்காரர். அடுப்பு வால் பக்கம் இருந்தது. அங்கிருந்து அவர் ஒருவர் ஓடினால் இரண்டு பேர் ஓடிய மாதிரி. ஜனவரியில் ஓர் இத்தாலியக் கப்பலைக் கேப்டன் மூழ்கடித்தபோது யெர்கோ ஓடிய ஓட்டத்தில் ஆழமானியின் முள் அசையவே இல்லை. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு, படகின் முன்பக்கத் துடுப்புகளைச் சாய்க்கும் சக்கரத்தைத் திருப்புவது என் வேலை. ஆகவே இதை நான் உறுதியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கேப்டனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் மொராவியாக்காரர். அவர் ஊரில் இருந்த ஒரே தண்ணீர் கெண்டை மீன் குளம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மீன் பிடிப்பதற்காக அதையும் வடித்துவிடுவார்கள். கடற்படையில் சேர்ந்த பிறகுதான் தமக்கு அலை ஒத்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரிந்தது. நீர்மூழ்கிக்கு அதிகாரிகள் வேண்டும் என்று கேட்டபோது, குழாய் ரிப்பேர்க்காரன் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். இவர் ஒரே கேள்விதான் கேட்டாராம்: “கீழ அலை இருக்குமா?” இருக்காது என்றார்கள். சேர்ந்துவிட்டார். தண்ணீருக்கடியில் அவரைப் போல நிதானமான மனிதர் கிடையாது. மேலே வந்தால் பச்சையாகிவிடுவார்.

ஜனவரிக்குப் பிறகு எங்கள் கையில் எதுவும் சிக்கவில்லை. கொட்டோர் வளைகுடாவில் எங்கள் தளம். ஜூலையில் தளபதி, படகு கட்டும் துறையில் எங்கள் எல்லார் முன்னாலும் கேப்டனைக் கேட்டார்.

“என்ன செட்லாக், இந்தத் தடவையும் மீனுக்குச் சாப்பாடு போட்டுட்டு வந்துட்டீங்களா?”

“கப்பல் எதுவும் கண்ணுல படல ஐயா.”

“கண்ணுல படலைன்னா மேல வந்து பாக்கணும். கண்ணிவெடி வாருற பழைய கப்பல் ஒண்ணு என்கிட்ட இருக்கு. தட்டை அடி. ஒரு எறும்பு தும்மினாலும் ரெண்டு பக்கமும் ஆடும். அதுக்கு ஒரு கேப்டன் தேவைப்படுது. யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

கேப்டன் நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன். துறையில் அலை இல்லை.

அந்த மாதக் கடைசியில் பெராஸ்த் ஊருக்கு எதிரே இருக்கும் மாதா கோயில் தீவுக்குப் போனோம். அந்தத் தீவே கடலோடிகள் கல் போட்டுப் போட்டு உண்டானது. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாப் படகுகளும் கல்லை ஏற்றிக்கொண்டு போய்ச் சுற்றிப் போட்டுவிட்டு வரும். யெர்கோ தம் இடுப்பளவு கல் ஒன்றைத் தூக்கிப் போட்டார். பிறகு கோயிலுக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. தலைமை மாலுமி ஃபெரென்ட்ஸ், ஹங்கேரிக்காரர், வெளியே நின்று அலுத்துக்கொண்டார்.

“உள்ள என்னடா பண்றான் இவன்? மாதாவுக்கு மீன் குழம்பு சொல்லிக்குடுக்கிறானா?”

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் சாப்பாட்டில் உப்பு நிலைகொள்ளவில்லை. ஒரு நாள் கஞ்சி கடலைப் போலக் கரிக்கும், மறுநாள் மழைத் தண்ணீரைப் போல இருக்கும். ஃபெரென்ட்ஸ் தட்டை நீட்டிக்கொண்டு கேட்பார்.

“யெர்கோ, இதுல உப்புப் போட்டியா, இல்ல உப்புப் படம் காட்டினியா?”

“நாக்கு சரியில்ல. சளி.”

“ஆகஸ்ட்ல சளி. ஆட்டுத்தோல் கோட்டு வேற. ஏண்டா, உருகி ஓடிடப்போற.”

“இடுப்புப் பிடிப்பு. சூடா வெச்சுக்கச் சொன்னாங்க.”

“யாரு சொன்னாங்க?”

“சொன்னாங்க” என்று யெர்கோ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்டில் அல்பேனியக் கரைக்கு அருகே ஒரு கப்பல் வந்தது. கேப்டன் அழகாக நெருங்கினார். சுடு என்றார். டார்பிடோ போனது. எல்லாரும் ஓடினார்கள். யெர்கோவும் ஆட்டுத்தோல் கோட்டோடு என் முதுகை உரசிக்கொண்டு ஓடினார். முள் மேலே ஏறியது. நான் சக்கரத்தை முழுதும் திருப்பினேன். முள் கேட்கவில்லை. படகின் மூக்கு கடலைப் பிளந்துகொண்டு வெளியே போய் நின்றது. கப்பலில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு உடனே திரும்பினார்கள். டார்பிடோ அவர்கள் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் அங்கே இல்லை.

செப்டம்பரிலும் அதுவே நடந்தது. ஓட்டம், மூக்கு, திரும்பிய கப்பல்.

என் கைதான் காரணம் என்று நினைத்தேன். படுக்கையில் படுத்துக்கொண்டு காற்றில் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது கை கொஞ்சம் தாமதமாக வருகிறதோ என்று தோன்றியது. கேப்டனிடமே போய்ச் சொன்னேன்.

“ஐயா, என்னை மாத்திடுங்க. என் கை சரியில்லைன்னு நினைக்கிறேன்.”

“உன் கையை நான் ரெண்டு தடவையும் பாத்தேன் ஆல்பின். சரியாத்தான் இருந்துச்சு. எங்கேயோ கனம் குறையுது. அத்தனையும் எடை போட்டுட்டேன். எண்ணெய், தண்ணி, உருளைக்கிழங்கு, என் பெட்டி. ஒண்ணும் தப்பல.”

“ஆளுங்களை?”

“ஆளுங்களை ஜனவரியிலேயே எடை போட்டேனே. போர்ல எல்லாரும்தான் கொஞ்சம் இளைச்சிருக்கோம். அதையும் கழிச்சாச்சு. யெர்கோவைப் பாரு, அவன் அப்படியேதான் இருக்கான். கோட்டுல இன்னும் பெரிசாத் தெரியறான்.”

தளபதி இரண்டாவது தடவைக்குப் பிறகு கேப்டனைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்த கேப்டன் எங்களிடம் சுருக்கமாகச் சொன்னார். அக்டோபரில் ஒரு பயணம். வெறுங்கையோடு வந்தால் அவருக்குக் கண்ணிவெடிக் கப்பல். எங்களுக்கு டீட்ரிக் என்ற புதுக் கேப்டன்.

“யாரு அந்த டீட்ரிக்?” என்று யாரோ கேட்டார்கள்.

“பூண்டு வாசனை ஆகாதவரு” என்றார் கேப்டன். எங்களிடம் அதைவிடக் கொடுமையாக எதுவும் சொல்லியிருக்க முடியாது. யெர்கோவின் சமையலில் உப்பு போய்விட்ட பிறகு பூண்டு ஒன்றுதான் மிச்சம்.

அக்டோபரில் கிளம்பினோம். இரண்டாம் நாள் தண்ணீருக்கடியில் ஓட்டப் பயிற்சி. டார்பிடோ போகாது, ஓட்டம் மட்டும். கேப்டன் குரல் கொடுத்தார். யெர்கோ வாலிலிருந்து புறப்பட்டார். நடுவில் இருக்கும் வட்டக் கதவைத் தாண்டும்போது அவருடைய கோட்டு ஒரு வால்வுப் பிடியில் மாட்டியது. அவர் நிற்கவில்லை. கோட்டு நின்றுவிட்டது. டர்ர் என்று ஒரு சத்தம். அடுத்து உள்ளே எல்லாம் வெள்ளை.

“வாயு!” என்று ஒருவன் கத்தினான். மின்கலத்துக்குள் கடல் தண்ணீர் போனால் விஷவாயு வரும். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். ஃபெரென்ட்ஸ் மட்டும் பொத்தவில்லை. அவர் வாய்க்குள் என்னவோ போயிருந்தது. அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார்.

“வாயு இல்ல. கம்பளி” என்றார். “ஆட்டு ரோமம். என் படுக்கைக்கு மேல இவன் மெத்தை நாளுக்கு நாள் அப்பளமா ஆகிட்டு வந்துச்சே, அது.”

ரோமம் அடங்கியபோது யெர்கோ நின்றிருந்தார். உறை கழற்றிய தலையணையைப் போல இருந்தார். சட்டைக்குள் இன்னொரு யெர்கோ தாராளமாகப் படுக்கலாம்.

கேப்டன் பெரிஸ்கோப்பை விட்டு இறங்கி வந்தார். யெர்கோவைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“மிச்சம் எங்கே?” என்று கேட்டார்.

“நேர்ச்சை ஐயா.”

“என்ன நேர்ச்சை?”

யெர்கோ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நீங்க அடுத்த கப்பலை மூழ்கடிக்கிற வரைக்கும் ரொட்டியும் தண்ணியும் மட்டும்னு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். அன்னிக்குத் தளபதி உங்களைப் பேசினது எனக்குப் பொறுக்கல.”

ஃபெரென்ட்ஸ் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு சொன்னார்.

“அதாவது, இவரு கப்பலை மூழ்கடிக்கணும்னு நீ பட்டினி கிடந்த. நீ பட்டினி கிடந்ததால இவரால கப்பலை மூழ்கடிக்க முடியல.”

“எனக்கு அது தெரியாதே.”

“ரோமம் எதுக்குடா?”

“நேர்ச்சையை வெளிய காட்டினா அது நேர்ச்சை இல்ல, விளம்பரம்.”

கேப்டன் நெற்றியைத் தேய்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. “யெர்கோ, நன்றி” என்றார். “இப்ப போய்ச் சாப்பிடு. இது கட்டளை.”

“மன்னிக்கணும் ஐயா. முடியாது.”

“நான் உன் கேப்டன்.”

“ஆமா ஐயா. ஆனா அவங்க உங்களுக்கும் மேலதிகாரி.”

கடற்படை விதிகளில் அந்த மேலதிகாரிக்கு இடம் இல்லை. ஃபெரென்ட்ஸ் உதவிக்கு வந்தார்.

“பாதிரியார் யாராவது நேர்ச்சையை மாத்திக் குடுக்கலாம்ல? எங்க ஊர்ல ஒருத்தர் நடந்தே கோயிலுக்குப் போறேன்னு நேர்ந்துக்கிட்டாரு. பாதிரியார் வண்டியில போகச் சொல்லிட்டாரு.”

“இங்க பாதிரியார் இருக்காரா?” என்று கேப்டன் கேட்டார். இல்லை. அல்பேனியக் கரையில் இருந்த பாதிரியார்கள் எல்லாரும் எதிரியின் பக்கம் இருந்தார்கள். “சரி, இன்னிக்கே சாப்பிட ஆரம்பிச்சாலும் நாளைக்குள்ள பழைய ஆளா வந்துட முடியாது” என்று அவர் சொன்னார். உட்கார்ந்து கணக்குப் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“உருளைக்கிழங்கு மூட்டை. யெர்கோ, நீ அதைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடு. நீ இழந்தது அதுல இருக்கு.”

எளிய யோசனை. எல்லாருக்கும் பிடித்தது. யெர்கோ மட்டும் மூட்டையை ஒரு மாதிரி பார்த்தார். அந்த உருளைக்கிழங்கை இரண்டரை மாதமாக வாசனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

மறுநாள் முற்பகல் கப்பல் வந்தது. பழைய இத்தாலியச் சரக்குக் கப்பல், தனியாக, கரையை ஒட்டி, புகையைக் கக்கிக்கொண்டு. கேப்டன் பெரிஸ்கோப்பில் கண்ணை ஒட்டிக்கொண்டு மெல்லிய குரலில் பேசினார். வால் பக்கம் யெர்கோ மூட்டையோடு தயாராக நின்றார். ஃபெரென்ட்ஸ் அவருக்குப் பின்னால், மற்றவர்கள் ஃபெரென்ட்ஸுக்குப் பின்னால்.

“சுடு.”

படகு குலுங்கியது. டார்பிடோ போனது. யெர்கோ ஓடினார். நடுக் கதவு வட்டமானது என்று சொன்னேன். ஒல்லியான யெர்கோ அதில் சுலபமாகப் போவார். குண்டு யெர்கோவும் பழக்கத்தால் போய்விடுவார். மூட்டையோடு இருக்கும் யெர்கோவை அந்தக் கதவு அதுவரை பார்த்ததில்லை. அவர் பாதி போய் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஃபெரென்ட்ஸ் அவர்மேல் மோதினார். ஃபெரென்ட்ஸ்மேல் மற்ற எல்லாரும்.

“போடா!”

“மூட்டை மாட்டிக்கிச்சு.”

“மூட்டையை விடுடா!”

“விட்டா கனம் குறையும்னு கேப்டன் சொன்னாரு.”

படகின் ஓடக்கூடிய கனம் எல்லாம் வால் பக்கமே சிக்கிக்கொண்டது. முள் மேலே போனதை நான் பார்க்கவில்லை. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். ஆகஸ்டில் மூக்கு மட்டும் வெளியே போனது. இந்தத் தடவை படகு பாதி உடம்போடு நிமிர்ந்து, ஒரு கணம் யோசித்து, பிறகு வயிறு அடிபட விழுந்தது. மூட்டை பிய்ந்தது. உருளைக்கிழங்குகள் எல்லாம் வால் நோக்கி உருண்டன.

“டார்பிடோ?” என்று யாரோ கேட்டார்கள்.

கேப்டன் பெரிஸ்கோப்பில் பார்த்தார். “கரையில வெடிச்சிருச்சு. ஒரு ஆட்டு மந்தை ஓடுது.” ஒரு பெருமூச்சு. கண்ணிவெடிக் கப்பலின் தட்டை அடி அந்தப் பெருமூச்சில் தெரிந்தது. பிறகு அவர் குரல் மாறியது. “இருங்க. அவங்க ஏன் படகை இறக்கறாங்க?”

உண்மைதான். நூறு கெஜ தூரத்தில் கடலுக்குள்ளிருந்து இரும்பு ஒன்று எழுந்து நின்று விழுந்ததைக் கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவர்கள் இரண்டு உயிர்ப்படகுகளில் ஏறி எங்களைப் பார்த்துக்கொண்டே கரைப்பக்கம் துடுப்புப் போட்டார்கள். கப்பல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அநாதையாக நின்றது.

நாங்கள் மேலே வந்து, அவர்கள் கேப்டன் இருந்த உயிர்ப்படகின் பக்கம் போனோம். கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேல்தட்டில் நின்றார். அலை கொஞ்சமாகத்தான் இருந்தது. அவர் முகம் அதற்குள் வெள்ளரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. போர் விதிப்படி எதிரிக் கேப்டனிடம் மரியாதையாகப் பேச வேண்டும். எதிரிக் கேப்டன் வயதானவர். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். எங்களுக்கும் அவருக்கும் பேச்சு ஒன்றுதான். திரியெஸ்திலும் பிராச்சிலும் அவர் ஊரிலும் மீன் சந்தையில் இப்படித்தான் பேசுவார்கள்.

“முப்பது வருஷமா கடல்ல இருக்கேன்” என்றார் அவர். “முதல்ல திமிங்கலம்னு நினைச்சேன். அப்புறம் திமிங்கலத்துக்குள்ள யாரோ ‘மூட்டையை விடுடா’ன்னு கத்தற மாதிரி இருந்துச்சு. நீங்க எதுக்கய்யா இப்படி எகிறிக் குதிக்கறீங்க?”

எங்கள் கேப்டன் பதில் சொல்ல வாயைத் திறந்து, அலை ஒன்று வந்ததால் மூடிக்கொண்டார். ஃபெரென்ட்ஸ் பதில் சொன்னார். “புது முறை.”

“பயங்கரமான முறை” என்று கிழவர் ஒப்புக்கொண்டார். “ஒரு உதவி வேணும். கப்பலை மூழ்கடிக்கறதுக்கு முன்னால என் அறையில கண்ணாடித் தம்ளர் ஒண்ணு இருக்கும், பாருங்க. அதுல என் பல்லு இருக்கு.”

யெர்கோ, ஃபெரென்ட்ஸ், நான் மூவரும் கப்பலில் ஏறினோம். பல் செட்டைக் கண்டுபிடித்து ஒரு கைக்குட்டையில் கட்டி இறக்கினோம். கிழவர் அதை மாட்டிக்கொண்டு, நன்றிக்காக, உரத்த தெளிவான குரலில் சொன்னார்: “பாலாடைக்கட்டி முன் அறையில இருக்கு. பின் அறையில இருக்கறதைத் தொடாதீங்க, அது பட்டாளத்துக்கு.”

முன் அறையைத் திறந்தோம். வண்டிச் சக்கரம் அளவுக்குப் பாலாடைக்கட்டிகள். மாவு. பன்றித் தொடை இறைச்சி கூரையிலிருந்து தொங்கியது. ஃபெரென்ட்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார், கோயிலுக்குள் நுழைந்தவரைப் போல.

“இதைப் போய் மூழ்கடிக்கறதா?” என்றார். “இழுத்துக்கிட்டுப் போயிடலாம். ஊருக்கே விருந்து. யெர்கோ, முதல் துண்டு உனக்கு.”

அவர் கத்தியால் ஒரு துண்டு வெட்டி நீட்டினார். யெர்கோவின் கை அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

“மூழ்கடிக்கிற வரைக்கும்னுதான் நான் நேர்ந்துக்கிட்டேன்” என்றார். “பிடிக்கிற வரைக்கும்னு சொல்லல.”

“டேய், பிடிச்சது மூழ்கடிச்சதை விடப் பெரிசுடா.”

“மாதாவுக்கு அது தெரியும். ஆனா நான் சொன்னது இது.”

ஃபெரென்ட்ஸ் கப்பல் விளிம்பில் சாய்ந்து கீழே கேட்டார். “ஐயா, கப்பலை இழுத்துக்கிட்டுப் போகலாமா?”

கேப்டன் கரையைப் பார்த்தார், தொடுவானத்தைப் பார்த்தார். இழுத்துக்கொண்டு போனால் வழி முழுவதும் மேலேயே, அலையிலேயே போக வேண்டும். “தெற்கே புகை தெரியுது” என்றார். “நேரம் இல்ல. அடி வால்வுகளைத் திறங்க.” புகை இருந்தது. நானும் பார்த்தேன். கொஞ்சம் இருந்தது.

முடிந்தவரை பாலாடைக்கட்டிகளையும் இறைச்சியையும் படகுக்குள் உருட்டிவிட்டு வால்வுகளைத் திறந்தோம். கப்பல் அவசரப்படவில்லை. பழைய கப்பல்கள் எழுந்து போகும் கிழவிகளைப் போல, ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து, நின்று, யோசித்துத்தான் போகும். எங்கள் மேல்தட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யெர்கோ இரண்டு கையாலும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைப் பிடித்துக்கொண்டு கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்தட்டு போனது. புகைபோக்கி போனது.

“இப்ப?” என்றார் ஃபெரென்ட்ஸ், வாய் நிறைய.

“பாய்மரம் தெரியுது.”

தெற்கே புகை இப்போது நிஜமாகவே பெரிதாகியிருந்தது. கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். “எல்லாரும் உள்ள.”

“ஐயா, ஒரு நிமிஷம்” என்றார் யெர்கோ.

“யெர்கோ, அது ரோந்துக் கப்பல்.”

“தெரியுது ஐயா. பாய்மரத்துல இன்னும் ஒரு முழம் இருக்கு.”

கேப்டன் என்ன நினைத்தாரோ. அலையில் ஆடிக்கொண்டு, ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் வாயையும் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு முழத்துக்காக நின்றார். அவர் அப்படி வேறு எவருக்காகவும் அலையில் நின்று நான் பார்த்ததில்லை. மரத்தின் நுனி ஒரு குமிழி விட்டு மறைந்தது. யெர்கோ சிலுவை போட்டுக்கொண்டு, அந்தத் துண்டை ஒரே வாயில் போட்டார். மென்றுகொண்டே உள்ளே இறங்கிப் படகின் மூடியை மூடினார்.

தளத்தில் தளபதி முதலில் நம்பவில்லை. பிறகு எங்கள் பாலாடைக்கட்டியில் ஒரு சக்கரம் அவர் மேசைமேல் வைக்கப்பட்டதும் நம்பினார். கண்ணிவெடிக் கப்பலுக்கு வேறு ஆள் போனார். டீட்ரிக்தான்.

ஆனால் இத்தாலியக் கிழவர் கரையேறி எல்லாரிடமும் பேசியிருக்கிறார். அவர் பேச்சு அவர்களுடைய செய்தித்தாளில் வந்து, அது சுற்றி எங்கள் தளபதியிடமே வந்து சேர்ந்தது. ஆஸ்திரியர்கள் கடலுக்கடியிலிருந்து பாய்ந்து மாலுமிகளைப் பயமுறுத்தும் புதிய பயங்கர முறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று.

“செட்லாக்” என்றார் தளபதி. “பெரிய விஷயம். போலா தலைமைத் தளத்திலிருந்து அட்மிரல் வரப்போறாரு. மற்றக் கேப்டன்களும் வருவாங்க. அந்தப் பாய்ச்சலை வளைகுடாவுல ஒரு தடவை செஞ்சு காட்டணும்.”

கேப்டன் விளக்க முயன்றார். தளபதி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒத்திகை. மூட்டை இல்லை; அட்மிரல் முன்னால் கதவில் மாட்டிக்கொண்டு கிடக்க முடியாது. டார்பிடோ போனது. எல்லாரும் ஓடினார்கள். யெர்கோ ஓடியதை நான் முதுகில் உணர்ந்தேன். என் இருக்கையே ஆடியது. மூன்று வாரம் பாலாடைக்கட்டி. முள் அசையவில்லை. ஜனவரியில்கூட இவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

“இன்னொரு தடவை” என்றார் கேப்டன். இன்னொரு தடவை யாரும் ஓட வேண்டாம் என்றும் சொன்னார், ஆனால் “சுடு” என்றதும் பழக்கத்தில் எங்கள் கால்கள் தாமாக ஓடின, மறுபடியும் அப்படியே. இதைவிடச் சரியாக ஒரு படகு நிற்க முடியாது. கேப்டன் ஆழமானியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் முறையாக அது சரியாக இருப்பதற்காக வருத்தப்பட்டார்.

அன்று மாலை அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். நான் அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். யெர்கோ குழம்பை ருசி பார்த்து, உப்பு சரியாக இருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“யெர்கோ” என்றார் கேப்டன். “உன்கிட்ட ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க ஐயா.”

“இப்ப ஏதாவது... நேர்ச்சை எண்ணம் இருக்கா?”

யெர்கோ கரண்டியைத் துடைத்தார். “அதுக்கு உண்மையா ஒரு கஷ்டம் வேணும் ஐயா. கேட்டு வாங்கற சாமான் இல்ல அது.”

“அட்மிரல் வர்றாரு.”

“அது கஷ்டம்தான்” என்று யெர்கோ ஒப்புக்கொண்டார். குழம்பைக் கிளறினார். “ஆனா என் கஷ்டம் இல்லையே ஐயா. உங்களுது. நீங்க நேர்ந்துக்கலாம்.”

கேப்டன் தம் ஒல்லியான உடம்பைக் குனிந்து பார்த்தார். அதிலிருந்து எடுப்பதற்கு எதுவும் இல்லை. குழம்புச் சட்டியைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

“பூண்டு கொஞ்சம் தூக்கலாப் போடு” என்றார்.